மலையடிவாரத்திலேயே இறங்கிவிடுங்கள்

கோடை விடுமுறைக்கு ஊட்டிக்குக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் மேட்டுப்பாளையத்தில் ஒரு காபியைக் குடித்துவிட்டு, கல்லாற்றைத் தாண்டும்போது கார் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள். வெளியே வெக்கை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து குன்னூரின் குளிர் முகத்தில் பட்டால்தான் விடுமுறை தொடங்கியதாகக் கணக்கு. வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கவும் படம் எடுக்கவும் ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை மாற்றிப் போட வேண்டும். மேலே குளிர் இருக்கிறது, காட்சிமுனை இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளின் பெருங்கூட்டம் இருப்பதோ அந்த வெக்கையான அடிவாரத்தில்.

மலை ரயில் இதை நமக்கு அளந்தே காட்டுகிறது. மேட்டுப்பாளையம் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். உதகமண்டலம் நிலையம் 2,203 மீட்டர். இடையே 46 கிலோமீட்டர் தண்டவாளம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் ஒரே முற்பகலில் நாம் கடப்பது ஏறக்குறைய பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். மழையளவு மாறுகிறது, மரங்கள் மாறுகின்றன. புதர்க்காடு முடிந்து ஈரமான சரிவுக்காடு வருகிறது, அதன்பின் தேயிலை, அதற்கும் மேலே சோலைக்காடும் புல்வெளியும். ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சிக்கும் அதன் புழு தின்னும் செடி என்று ஒன்றோ சிலவோதான் உண்டு. செடி மாறும் இடத்தில் பூச்சியும் மாறிவிடுகிறது.

அதனால்தான் நீலகிரி என்ற ஒரே மலைத்தொகுதியில் சுமார் 300 இனங்கள் பதிவாகியிருக்கின்றன. பிரிட்டன் முழுவதற்கும் 59 இனங்கள்தான். நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்து பூச்சிகளிடம் மனதைப் பறிகொடுத்த ஜார்ஜ் ஹாம்ப்சன், 1888இலேயே இம்மலையின் வண்ணத்துப்பூச்சிகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். 1940களில் வின்டர் பிளைத், 1980களில் டார்பன் லார்சன் என்று அந்தப் பட்டியல் கைமாறி வளர்ந்தது. நூறாண்டுக்கு மேலாக ஒரே மலையைத் திரும்பத் திரும்பப் பார்த்த பதிவுகள் நம் கையில் இருப்பது பெரும் பேறு. எந்தப் பூச்சி எந்த உயரத்தில், எந்த மாதத்தில் பறக்கும் என்று ஓரளவு நம்பி விடுமுறையைத் திட்டமிட முடிவதற்கு இவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நல்ல படம் எடுக்க எந்தக் கேமரா வாங்குவது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். என் எண்ணத்தில் அது கடைசிக் கேள்வி. கண்ணெதிரே இருக்கும் பூச்சி இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது? வெயில் காய்கிறதா, உப்பு குடிக்கிறதா, எல்லை காக்கிறதா, முட்டையிட இலை தேடுகிறதா? இதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது அடுத்த நிமிடம் எங்கே உட்காரும், எவ்வளவு நேரம் உட்காரும், எந்தப் பக்கத்தைக் காட்டும் என்பது தெரிந்துவிடும். கைபேசியே போதுமானதாகிவிடும்.

ஆற்று மணலில் ஒரு கூட்டம்

மார்ச் முதல் மே வரை, காலை ஒன்பது மணிக்கு மேல், கல்லாறு, பர்லியாறு பக்கத்து ஓடைகளின் ஈர மணலைப் பாருங்கள். வெள்ளையும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான பூச்சிகள் சிறகை மூடிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். காமன் அல்பட்ராஸ், எமிகிரன்ட் வகைகள், இடையிடையே நீலப்பச்சைப் பட்டையோடு காமன் ப்ளூபாட்டில், ஓரமாகத் தனியே பெரிய கரிய சிறகுகளுடன் அழகிகள் என்று தமிழில் பெயர் பெற்ற ஸ்வாலோடெயில்கள். எல்லாமே உறிஞ்சுகுழலை மணலுக்குள் விட்டுக்கொண்டு அசையாமல் இருக்கும்.

அவை தேடுவது தண்ணீரை விட, அதில் கரைந்திருக்கும் சோடியத்தை. தாவரங்களில் பொட்டாசியம் தாராளம். சோடியம் மிகக் குறைவு. இலையைத் தின்று வளர்ந்த புழுவும், பூந்தேனைக் குடித்து வாழும் பூச்சியும் உப்புப் பஞ்சத்திலேயே வாழ்கின்றன. நரம்பும் தசையும் இயங்கச் சோடியம் வேண்டும். ஆகவே மண்ணில் கசியும் ஈரம், மாட்டு மூத்திரம் பட்ட இடம், யானைச் சாணி, மலையேறி வியர்த்த நம் முழங்கை என்று உப்பு கிடைக்கும் இடமெல்லாம் அவற்றுக்கு விருந்து.

கூட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் ஆண்கள் என்பதுதான் இதில் சுவையான செய்தி. இனச்சேர்க்கையின்போது ஆண், விந்தோடு சேர்த்துச் சத்துப்பொதி ஒன்றையும் பெண்ணுக்குக் கொடுக்கிறது. ஆற்றங்கரையில் சேர்த்த சோடியம் அந்தப் பொதியில் போய், பெண்ணின் வழியாக முட்டைகளுக்கும் சேர்கிறது. அமெரிக்காவில் க்ளுஃபிசியா என்ற அந்துப்பூச்சியை வைத்து ஸ்காட் ஸ்மெட்லியும் தாமஸ் ஐஸ்னரும் 1990களின் நடுவில் செய்த ஆய்வு இதை மிக அழகாக நிறுவியது. அந்த அந்துப்பூச்சி ஒரே அமர்வில் தன் உடல் எடையைப் போல 600 மடங்கு வரை தண்ணீரைக் குடித்து, சோடியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பின்புறமாகப் பீய்ச்சி விடுகிறது. நம் ஓடைக்கரையிலும் இதைப் பார்க்கலாம். மணலில் குடித்துக்கொண்டிருக்கும் ஸ்வாலோடெயிலின் வயிற்று நுனியையே கவனித்துக்கொண்டிருந்தால், சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு துளி தெறிப்பது தெரியும். பின்னாலிருந்து வெயில் விழும்படி அமைந்தால் அந்தத் துளி ஒளிரும். தந்தையாகப் போகும் ஒரு பூச்சி பிள்ளைகளுக்குச் சீர் சேர்க்கும் காட்சி அது. அதற்காக அரை மணி நேரம் குந்தியிருக்கலாம்.

அந்தக் கூட்டத்தை நெருங்குவதற்கு ஒரு முறை உண்டு. நின்ற நிலையில் நடந்து போனால் மொத்தமும் எழும்பிவிடும். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்கண் ஏறக்குறைய எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. நுட்பமான உருவங்களை அது நம் அளவுக்குப் பிரித்தறியாது, ஆனால் அசைவைப் பிடிப்பதில் நம்மைவிடக் கெட்டி. நிறத்திலும் அப்படியே. நம் கண்ணில் நிறம் உணரும் செல்கள் மூன்று வகை. காமன் ப்ளூபாட்டிலின் கண்ணில் குறைந்தது 15 வகை ஒளியுணர் செல்கள் இருப்பதை ஜப்பானில் கென்டாரோ அரிகாவாவின் குழு 2016இல் கண்டறிந்தது. பூச்சிகளில் அதுவரை அறிந்த எண்ணிக்கைகளை எல்லாம் அது தாண்டியது. நாம் சாதாரணமாக ஓடைக்கரையில் பார்த்துவிட்டுப் போகும் பூச்சி அது!

எனவே பத்தடி தூரத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தபடியே, அதன் குழல் மணலுக்குள் இறங்கிய பிறகு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். பக்கவாட்டு அசைவுதான் அதை விரட்டும். நேர்கோட்டில் மெதுவாக நெருங்கினால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட நம் நிழல் அதன் மேல் விழக்கூடாது. எழும்பிப் போனாலும் துரத்த வேண்டாம். உப்பு அங்கேதான் இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடும்.

கல்லாறு யானைகளின் வழித்தடம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாலையோரத்திலும், அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் நின்று பார்ப்பதே போதும். ஓடையைத் தொடர்ந்து காட்டுக்குள் இறங்குவது ஆபத்து, வனத்துறை அனுமதியின்றிச் சட்டப்படி குற்றமும்கூட. கார் ஓட்டுகிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். மலைச்சாலையில் நீர் கசியும் இடங்களிலும் இப்பூச்சிகள் கூடும். அங்கே வேகத்தைக் குறையுங்கள். ஒரு லாரி கடந்து போன பிறகு அந்த ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் சிறகுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அவசரமில்லாமல் பறப்பவை

சரிவுக்காட்டில் சற்று மேலே ஏறினால் பறக்கும் விதமே மாறுவதைக் கவனிக்கலாம். ப்ளூபாட்டில் அம்பாய்ப் பாய்கிறது. ப்ளூ டைகரும் காமன் க்ரோவும் கை வீசி நடப்பதுபோல நிதானமாக மிதக்கின்றன. அந்த நிதானத்துக்குக் காரணம் நஞ்சு. எருக்கின் உறவுக்காரச் செடிகளைத் தின்று வளரும் இவற்றின் உடல் பறவைகளுக்குக் கசக்கும். ஒருமுறை கொத்தித் துப்பிய பறவை அந்தக் கோலத்தை மறப்பதில்லை. தப்பி ஓடும் தேவை இல்லாததால் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு இவைதான் ஏற்றவை.

ஆண் ப்ளூ டைகர்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. காய்ந்த கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளில் இருக்கும் ஒருவகை ஆல்கலாய்டு வேண்டும். அதிலிருந்துதான் பெண்ணைக் கவரும் மணத்தை அவை உருவாக்குகின்றன. தற்காப்புக்கும் அதுவே உதவுகிறது. பூவே இல்லாத, பாதி கருகிய ஒரு கிலுகிலுப்பைச் செடியில் ஐம்பது பூச்சிகள் தொங்குவதைக் கண்டால் வியக்க வேண்டாம். அந்தச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நாள் முழுக்க படம் எடுக்கலாம்.

நஞ்சுள்ளவற்றின் உடையை நஞ்சற்றவை திருடுவதும் இங்கேதான் நடக்கிறது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் காமன் மார்மன் நம் வீட்டுத் தோட்டத்துப் பூச்சி. அதன் ஆண்களுக்கு ஒரே கோலம், பெண்களுக்கு மூன்று. ஒருவகைப் பெண் ஆணைப்போலவே இருக்கும். இன்னொரு வகை காமன் ரோஸ் போலவும், மூன்றாவது வகை கிரிம்சன் ரோஸ் போலவும் வேடமிடும். அந்த ரோஸ்கள் இரண்டும் ஈஸ்வரமூலிக் கொடியின் இலையைத் தின்று அதன் நஞ்சைச் சேமித்துக்கொள்பவை. இந்த முழு வேடத்தையும் இயக்குவது டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணு என்பதை, கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஆண், பெண் உடல் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் மரபணு, சிறகுக்கு வேடம் கட்டும் வேலையையும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

வேடத்தைக் கண்டுபிடிக்கச் சிறகைப் பார்த்தால் போதாது. உடலைப் பார்க்க வேண்டும். ரோஸ்களின் உடல் சிவப்பு. மார்மனின் உடல் கறுப்பு. ஆகவே படம் எடுக்கும்போது சிறகு மட்டும் கூர்மையாகத் தெரிந்தால் ஆயிற்று என்று நிறுத்திவிடாமல், பக்கவாட்டில் உடலும் தலையும் கால்களும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. நான்கு கால் மட்டும் தெரிந்தால் அது தூரிகைக்கால் குடும்பம். முன்னங்கால் இரண்டும் சுருங்கி மயிர்க்குச்சமாகிவிட்டிருக்கும். டைகர், க்ரோ, பேன்ஸி எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

சின்னஞ்சிறு நீலன்களிடம் வேறொரு ஏமாற்று. பின்சிறகின் முனையில் மெல்லிய வால், அதன் அடியில் ஒரு கரும்புள்ளி. உட்கார்ந்ததும் பின்சிறகை மேலும் கீழும் தேய்த்து அந்த வாலை உணர்கொம்புபோல ஆட்டும். பல்லியும் குருவியும் அதையே தலை என்று நம்பிக் கொத்தும்; சிறகில் ஒரு துண்டு போனாலும் உயிர் தப்பிவிடும். பின்முனை பிய்ந்த நீலனைப் பார்த்தால், அது பிழைத்துவந்த கதை அது. புதியவர்களின் கேமராவும் அந்தப் பொய்த்தலையில்தான் போய்க் குவியும். ஆட்டோஃபோகஸ் புள்ளியை மெய்யான கண்ணுக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.

இந்தச் சரிவில்தான் நம் மாநில வண்ணத்துப்பூச்சியும் பறக்கிறது. 2019இல் தமிழ்நாடு அரசு அந்தப் பெருமையைத் தமிழ் மறவனுக்கு அளித்தது. ஆரஞ்சுச் சிறகு, கரிய விளிம்பு. அதன் புழுக்களுக்கு உணவு மரவெட்டி மரத்தின் இலை. நீரடிமுத்து என்று சித்த மருத்துவத்தில் பெயர் பெற்ற மரம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் இந்தப் பூச்சியை வெயிலும் நிழலும் கலந்த காட்டோரச் சாலைகளில் தேடலாம். நீலகிரியின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான சதர்ன் பேர்ட்விங், கறுப்பும் பொன்மஞ்சளுமாக மரத்தலைகளுக்கு மேலே மிதந்து போகும். அதன் சிறகு விரிப்பு 19 சென்டிமீட்டர் வரை எட்டும். அதைத் துரத்திப் பயனில்லை. காலையில் தேன் குடிக்க உண்ணிச்செடிக்கும் வெள்ளையிலைச் செடிக்கும் இறங்கும். அங்கே காத்திருக்க வேண்டும். அப்போதும் முன்சிறகு படபடத்துக்கொண்டே இருக்கும். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் குறைந்தால் படம் கலங்கும்.

பூவையே நாடாத கூட்டமும் உண்டு. நவாப்களும் ஓக்லீஃப்களும் மரத்திலிருந்து வடியும் பாலுக்கும் விழுந்து அழுகிய பழத்துக்கும்தான் வரும். ஓக்லீஃப் சிறகை மூடினால் நரம்போடும் காம்போடும் ஒரு காய்ந்த இலை. திறந்தால் நீலமும் ஆரஞ்சும். பலாப்பழம் விழுந்து கிடக்கும் மரத்தடியை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடாதீர்கள்.

மேலே, குளிரில்

குன்னூரைத் தாண்டிவிட்டால் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் வேறெங்கும் கிடைக்காதவை தொடங்குகின்றன. நீலகிரி டைகர், ரெட்டிஸ்க் புஷ்பிரவுன், நீலகிரி ஃப்ரிட்டிலரி, நீலகிரி க்ளவுடட் யெல்லோ: இவை தென்னக உயர்மலைகளைத் தவிர உலகில் எங்கும் இல்லை.

இங்கே கேமராக்காரருக்குச் சூரியன்தான் கடிகாரம். வண்ணத்துப்பூச்சி பறக்க வேண்டுமானால் அதன் நெஞ்சுத் தசை ஏறக்குறைய 30 டிகிரிக்கோ அதற்கு மேலோ சூடாக வேண்டும். ஊட்டியின் காலைக் குளிரில் அந்தச் சூட்டை வெயிலிடமிருந்துதான் பெற முடியும். இந்தியன் ரெட் அட்மிரல் பாறையிலோ தார்ச்சாலையிலோ உட்கார்ந்து, முதுகு வெயிலில் படும்படி சிறகை முழுதாக விரித்து வைக்கும்; வெயில் போதாவிட்டால் சிறகுகளை நடுநடுங்க வைத்துத் தசையிலேயே சூடு உண்டாக்கிக்கொள்ளும். எட்டு மணி வெயிலில் விரித்த சிறகு, பத்தரை மணிக்கு மூடிக்கொள்ளும். மேல்சிறகின் படம் வேண்டுமானால் விடுதியின் காலை உணவைச் சற்றுத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

நீலகிரி க்ளவுடட் யெல்லோ இதற்கு நேர் எதிர். அது சார்ந்த கோலியாஸ் பேரினம் உட்கார்ந்த நிலையில் சிறகை விரிப்பதே இல்லை. மூடிய சிறகின் ஒரு பக்கத்தைச் சூரியனுக்குச் செங்குத்தாகத் திருப்பிச் சாய்ந்துகொண்டு காயும். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் வார்டு வாட் 1968இல் வெளியிட்ட ஆய்வு, பின்சிறகின் அடிப்பக்கத்தில் கரிய செதில்கள் கூடுதலாக உள்ள பூச்சிகள் விரைவாகச் சூடேறுகின்றன என்று காட்டியது. கேமராக்காரருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். சிறகு சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, நிழல் விழாதபடி ஓரடி விலகி மண்டியிட்டால், கேமராவும் சிறகும் தாமாகவே இணையாக அமைந்துவிடும். சிறகு முழுவதும் கூர்மையாக விழும்.

அந்தப் பேரினத்தின் உறவுகள் இமயமலையிலும் அதற்கு வடக்கேயுள்ள குளிர்நாடுகளிலும் வாழ்பவை. இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சூடான சமவெளி. அங்கே ஒன்றும் இல்லை. திடீரென்று நீலகிரி, பழனி, ஆனைமலைப் புல்வெளிகளில் ஒன்று. வரையாட்டின் கதையும் இப்படித்தான். உலகம் இன்னும் குளிராக இருந்த பனியுகக் காலங்களில் குளிர்விரும்பிகள் தெற்கு வரை பரவி, பின்பு வெப்பம் ஏறியபோது மலையுச்சிகளில் தங்கிவிட்டன என்பது இதற்குத் தரப்படும் முக்கிய விளக்கம். அவற்றுக்கு இனி ஏறிப்போக இடமில்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதோடு நீலகிரி முடிந்தது.

நீலகிரி க்ளவுடட் யெல்லோவின் புழு தின்னும் சிறு தீவனச் செடிகள் வளர்வது திறந்த புல்வெளியில். நீலகிரி ஃப்ரிட்டிலரியின் புழுவுக்கு வயலட் செடி வேண்டும். அதுவும் புல்லோடு வளர்வதே. அந்தப் புல்வெளிகளை வெற்று நிலம் என்று எண்ணி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் பைனும் நட்டுக்கொண்டே வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின்னும் அது தொடர்ந்தது. ஊட்டியில் பைன் காடு இன்று சுற்றுலாத் தலம். அதனுள்ளே ஒரு வண்ணத்துப்பூச்சியைத் தேடிப் பாருங்கள். ஊசியிலை மெத்தைக்குக் கீழே ஒரு புல்கூட முளைப்பதில்லை. எனக்கு அந்த நிழலில் நிற்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது. அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணிகள் இப்போது நடக்கின்றன. அப்படி மீட்கப்பட்ட இடங்களில் எந்தப் பூச்சி முதலில் திரும்புகிறது என்பதை விடுமுறைக்கு வருகிறவர்களின் படங்களும் சொல்ல முடியும்.

கையில் இருக்கும் கருவி

இன்றைய கைபேசிகள் பலவற்றில் இரண்டு, மூன்று மடங்கு ஜூம் லென்ஸ் உண்டு. பூச்சியின் மூக்கருகே கொண்டுபோகும் மேக்ரோவைவிட, ஓரடி ஒன்றரையடி தள்ளி நின்று அந்த ஜூமில் எடுப்பதே நல்லது. பூச்சி பறக்காது, பின்னணியும் மென்மையாகும். பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு 100 மில்லிமீட்டர் மேக்ரோவோ 70–300 ஜூமோ போதும். மேக்ரோவில் பூச்சியைப் பாதி அளவுக்குப் பதிவுசெய்யும்போது, எஃப் 8 துளையில்கூடக் கூர்மையாக விழும் ஆழம் மூன்று மில்லிமீட்டர் அளவே. சிறகுக்கு இணையாகக் கேமராவைப் பிடிப்பதன் அவசியம் இதனால்தான். ஃப்ளாஷ் வேண்டாம். சிறகின் நிறத்தை அது கெடுத்துவிடும்.

நிறம் என்றேன், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கூரையில் ஓடு அடுக்கியதுபோலச் சிறகெங்கும் செதில்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு ஆகியவை பெரும்பாலும் செதிலில் உள்ள நிறமிகளால் வருபவை. ப்ளூ பேன்ஸியின் நீலமும், பாரிஸ் பீகாக், மலபார் பேண்டட் பீகாக் ஆகியவற்றின் பச்சையும் அப்படியல்ல. செதிலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது சில அலைநீளங்கள் மட்டும் வலுப்பெறுவதால் பிறக்கும் நிறங்கள் அவை. பேன்ஸிகளின் ஜுனோனியா பேரினத்தை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, செதிலின் அடித்தகட்டின் தடிமன் நானோமீட்டர் கணக்கில் கூடினாலே பொன்பழுப்பு நீலமாகிவிடுகிறது என்று காட்டியது. இத்தகைய நிறங்கள் பார்க்கும் கோணத்தைப் பொறுத்தவை. ஒரே பூச்சியை அரைவட்டமாகச் சுற்றிவந்து நான்கைந்து கோணத்தில் எடுத்தால், ஒன்றில் மங்கலாகவும் மற்றொன்றில் சுடராகவும் வரும். விரலால் பிடித்தால் இந்தச் செதில்கள்தான் பொடியாக ஒட்டிக்கொள்கின்றன; போனவை மீண்டும் முளைப்பதில்லை.

அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைப் பிடித்துக் குளிரூட்டிப் படமெடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிப் பிறந்த படத்தில் பூச்சி உட்கார்ந்திருக்கும் விதமே பொய். வெயில் காய்வதும் உப்பு குடிப்பதும் வேடமிடுவதுமாக அது வாழும் வாழ்க்கையில் ஒரு கணம்கூட அதில் இல்லை. வண்ணத்துப்பூச்சிகளில் பல இனங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

படத்தோடு என்ன எழுதுவது

ஒரே பூச்சிக்கு இரண்டு படம் வேண்டும்: சிறகின் மேல்பக்கம், அடிப்பக்கம். பெயர் கண்டுபிடிக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான். ஈவ்னிங் பிரவுன் போன்றவை மழைக்காலத்தில் அடிச்சிறகு நிறையக் கண்புள்ளிகளோடும், வறண்ட மாதங்களில் புள்ளி மறைந்து சருகின் நிறத்தோடும் வருகின்றன. மே மாதம் கண்டதும் அக்டோபரில் கண்டதும் இரு வேறு இனம் என்று தோன்றும், ஒன்றேதான். அதனால் தேதியில்லாத படம் அரைப் படம். இடத்தையும் உயரத்தையும் கைபேசியே குறித்துக்கொள்கிறது. எந்தச் செடியில், என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நாம்தான் எழுத வேண்டும். பெண் பூச்சி ஓர் இலையில் வயிற்றை வளைத்து முட்டையிடுவதைக் கண்டால் அந்த இலையையும் பூவையும் தனியே படமெடுங்கள். அப்படி ஒரு படம், அந்த இனத்தின் உணவுச்செடிப் பட்டியலில் புதிய வரியைச் சேர்க்கக்கூடும்.

பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா, ஐநேச்சுரலிஸ்ட் ஆகிய இணையதளங்கள் பொதுமக்களின் படங்களைச் சரிபார்த்துப் பதிவாக ஏற்கின்றன. செப்டம்பர் முழுவதும் நாடெங்கும் வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டாடப்பட்டு, 2020இலிருந்து பதிவுகள் குவிகின்றன. கோடைக் கூட்டம் இல்லாத, மழை நின்று காடு பசுமையாக இருக்கும் அந்தப் பருவத்தில் போவதையே நான் விரும்புவேன்.

ஆண்டுக்கு இருமுறை இன்னொன்றும் நடக்கிறது. தென்மேற்குப் பருவமழைக்கு முன், ஏப்ரல் முதல் ஜூன் வரை, ப்ளூ டைகர், டார்க் ப்ளூ டைகர், காமன் க்ரோ, டபுள் பிராண்டட் க்ரோ ஆகிய நான்கு இனங்களும் பெருங்கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் போகின்றன. வடகிழக்குப் பருவமழை நெருங்கும் அக்டோபர், நவம்பரில் மேற்கே திரும்புகின்றன. போன பூச்சியே திரும்புகிறதா, அதன் பிள்ளைகளா, வழியில் எந்தக் குன்றுகளில் தங்குகின்றன என்பதெல்லாம் சாலையோரத்தில் நின்று எண்ணியவர்களின் குறிப்புகளிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகிவருகிறது. ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ மேட்டுப்பாளையம் சாலையிலோ உங்களைக் கடந்து கூட்டம் கூட்டமாகப் பூச்சிகள் ஒரே திசையில் போகக் கண்டால், இறங்கி, ஐந்து நிமிடத்தில் எத்தனை கடக்கின்றன என்று எண்ணுங்கள். கைபேசியின் திசைகாட்டியைத் திறந்து எந்தத் திசை என்று பாருங்கள். நேரம், காற்று வீசும் பக்கம், வானம் மூடியிருந்ததா வெயிலா என்பதையும் சேர்த்து எழுதி, உட்கார்ந்த ஒன்றையாவது படமெடுத்து, இரண்டையும் ஒன்றாக அனுப்பிவிடுங்கள்.